குடல் போடும் சத்தத்துக்கு ஒரு சொல்: குமுறலா, இரைச்சலா?

தாதியர் விரிவுரையாளர், மட்டக்களப்பு:
வயிற்றுப் பரிசோதனைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. 'போர்போரிக்மஸ்' மட்டும் இன்னும் தமிழில்லாமல் நிற்கிறது. ஸ்டெதஸ்கோப் வைக்காமலே வெளியில் கேட்கும் வயிற்றுச் சத்தம் அது. பழைய கையேட்டில் எல்லாமே 'குடல் சத்தம்'தான். பிள்ளைகள் "சத்தம் இருக்கு" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். வழமையானதா, கூடினதா என்று வாசிக்கிறவருக்கு விளங்காது. எனக்கு இரண்டு சொல் வேணும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கல்முனை:
கிரேக்கத்தில் 'பொர்பொரொஸ்' என்றால் சேறு. சேற்றில் குமிழி கிளம்புகிற சத்தம்! ஆகவே 'குடற்குமுறல்' என்க. வானம் குமுறும், கடல் குமுறும், குடல் குமுறாதா?

மொழிபெயர்ப்பாளர், அக்கரைப்பற்று:
சேர், சேற்றை விடுவம். அது வெறும் ஒலிக்குறிப்பு, வயிறு 'பொர்பொர்' என்றதைக் கிரேக்கர் அப்படியே வினையாக்கிவிட்டார்கள். நாமும் சலசலப்பு, படபடப்பு போலக் 'கடகடப்பு' என்னலாம். குமுறல் என்றால் சனம் மனக்குமுறலைத்தான் நினைக்கும்.

தமிழாசிரியர்:
"இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா" என்ற தொல்காப்பிய விதிக்கு உங்கட சொல் அடங்குதுதான், தம்பி. ஆனால் கடகடப்பது மாட்டுவண்டில்.

மருத்துவர், களுவாஞ்சிகுடி:
சொல்லுக்கு முதல், கேட்பதைப் பார்ப்போம். வயிற்றில் பார்த்தல், கேட்டல், தட்டல், அமர்த்தல் என்பதே ஒழுங்கு. முதலில் அமர்த்தினால் சத்தம் மாறிவிடும். வலது கீழ்வயிற்றில் மெதுவாக வைத்தால், வழமையில் நிமிடத்துக்கு 5 முதல் 30 வரை கேட்கும். 'இல்லை' என்று எழுத முன் 5 நிமிடம் பொறுக்கச் சொல்லிக் கொடுப்பது வழக்கம். அடைப்பில் தொடக்கத்தில் கிண்கிணி போல உச்சத்தொனி. குடல் செயலிழந்தால் அமைதி. அந்த 'இலியஸ்' என்ற பெயரும் கிரேக்கந்தான், சுருளுதல் என்ற அடியிலிருந்து. பசியில் வயிறு சத்தம்போடுவது நோயே அல்ல. வெறுங்குடலைக் கூட்டிப் பெருக்கும் அலை ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வரும். காற்றும் நீரும் சேர்ந்து நகர்வதுதான் சத்தம்.

என்னிடம் வருகிறவர்கள் சொல்வது: "வயிறு இரையுது டொக்டர்."

மொழிபெயர்ப்பாளர்:
'ஸ்டெதொஸ்' நெஞ்சு, 'ஸ்கோப்' பார்ப்பது. நெஞ்சைப் பார்ப்பதை வைத்து வயிற்றைக் கேட்கிறோம்! 1816இல் அதைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லெனெக் முதலில் கடதாசியைச் சுருட்டித்தான் கேட்டார். கல்லடியில் துடுப்பின் ஒரு முனையை வாவியில் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்து மீன் பாட்டுக் கேட்பதும் அதே வேலைதானே.

விரிவுரையாளர்:
அண்ணே, வாவியால கரையேறுங்க. இன்றைக்குப் புதன்.

மருத்துவர்:
ஸ்டெதஸ்கோப்பில் கேட்பது எல்லாம் 'குடலொலி'. அதில் வெளியே கேட்கும் அளவுக்குப் பெரியது 'குடலிரைச்சல்'. கடலிரைச்சல் என்று சொல்லிப் பழகின நாக்குத்தானே. ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தமிழே வைத்திருக்கு.

தமிழாசிரியர்:
இரைப்பு என்றால் மூச்சிரைப்பு, நோயேட்டில் குழம்பும்.

விரிவுரையாளர்:
அதனால்தான் 'குடல்' முன்னால் ஒட்டியே இருக்கும், சேர். தனியே 'இரைச்சல்' என்று எழுதினால் புள்ளி வெட்டுவேன். மூன்று பேர் சரி என்கிறார்கள். குடலொலி, குடலிரைச்சல் இரண்டும் போகுது.

தமிழாசிரியர்:
மூன்று பேரில் கடகடப்புக்காரரும் இருக்கிறார், கவனிக்க. குமுறலை அடைப்புக்குள்ளாவது போடுங்கள்.