தார் பாலைவனப் படம்: இது எந்த கோர்சர் பறவை?

வணக்கம் நண்பர்களே. ஜெய்சல்மேர் பக்கம், பாலைவன தேசியப் பூங்காவின் ஓரத்தில் ஜனவரியில் எடுத்த படங்கள் இவை. அடையாளம் காண உதவுங்கள்.

மைனா அளவு உடல், நீண்ட வெளிறிய கால்கள், நுனி லேசாக வளைந்த அலகு. குடுகுடுவென்று ஓடும், சட்டென நின்று நிமிர்ந்து பார்க்கும், குனிந்து ஒரு பூச்சியைக் கொத்தும், மறுபடி ஓட்டம். அசையாமல் நின்றால் மணலில் கரைந்துவிடுகிறது, அவ்வளவு அழகு!

கோர்சர் (வறண்ட திறந்தவெளியில் ஓடியோடி இரை தேடும் பறவை வகை) என்பதில் சந்தேகமில்லை. இந்தியன் கோர்சரா, க்ரீம் கலர்டு கோர்சரா என்பதுதான் கேள்வி. இந்தியன் என்றால் உச்சந்தலை செம்பழுப்பு, நெஞ்சு ஆரஞ்சு சாயல், வயிற்றில் கறுப்புத் திட்டு இருக்க வேண்டும். இதற்கு வயிறு வெளிறியிருக்கிறது, பின்தலையில் சாம்பல் நிறம். அதனால் க்ரீம் கலர்டு என்றே நினைக்கிறேன். ஆனால் இளம் இந்தியன் கோர்சரும் மங்கலாகத்தான் இருக்கும், அதுதான் இடிக்கிறது. பறந்தபோது இறக்கையின் அடிப்பக்கம் கறுப்பாகத் தெரிந்தது. வாலுக்கு மேலே வெள்ளை இருந்ததா என்பது படத்தில் விழவில்லை.

அப்புறம் வாழிடம். மணல்மேட்டில் ஒன்றுகூட இல்லை. சரளைக்கல் பரவி, அங்கங்கே புல் முளைத்த சமவெளியில்தான் இருந்தன. குளிர்காலத்தில் வரும் க்ரீம் கலர்டு கோர்சர்களை உழுது போட்ட வயல்களிலும் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? குஜராத்தின் கட்ச் பகுதியில் பார்த்தவர்களும் சொல்லுங்கள். இளம் இந்தியன் கோர்சர் படம் யாரிடமாவது இருந்தால் போடுங்கள், முதுகுப் புள்ளிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.