இயன் பிராடியின் அஸ்தியை இரவில் கடலில் விட்டது சட்டப்படி சரியா?

காட்பாடி மாணவன்:
வேலூரில் சட்டம் படிக்கிறேன். 1963 முதல் 1965 வரை மான்செஸ்டர் பகுதியில் மைரா ஹிண்ட்லியுடன் சேர்ந்து ஐந்து சிறார்களைக் கொன்ற இயன் பிராடி, 2017 மே மாதம் இறந்தான். சடலங்களை அவன் புதைத்த சாடில்வொர்த் மேட்டுநிலத்திலேயே அஸ்தியைத் தூவ மாட்டோம் என்று அவனுடைய வழக்கறிஞர் தரப்பு உறுதி தராததால், இரண்டு உள்ளாட்சி மன்றங்கள் வழக்குத் தொடுத்தன. முடிவில் சடங்கு ஏதுமின்றி எரித்து, அஸ்தியை இரவோடு இரவாகக் கடலில் விட்டார்கள். நீதிமன்றத்துக்கு இவ்வளவு அதிகாரம் உண்டா?

சத்துவாச்சாரி வழக்கறிஞர்:
உண்டு, தம்பி. ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் சடலம் யாருக்கும் சொத்து அன்று; உயிலை நிறைவேற்றுபவருக்கு, அதாவது இங்கே அந்த வழக்கறிஞருக்கு, இருப்பது அடக்கம் செய்யும் பொறுப்பு மட்டுமே. போதிய காரணம் இருந்தால் அதை நீதிமன்றம் வேறொருவரிடம் ஒப்படைக்கலாம். நீதிபதி ஜெஃப்ரி வாஸ் 2017 அக்டோபரில் அதையே செய்து, வழக்குத் தொடுத்த மன்றங்களுள் ஒன்றான டேம்சைட்டின் அதிகாரி ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தார். இசைகூடக் கூடாது என்றார்.

வேலப்பாடி, ஓய்வுபெற்ற சிறைப் பணியாளர்:
அவன் அஸ்தி எங்கே போனால் என்ன? 1964 ஜூன் 16 அன்று பாட்டி வீட்டுக்குக் கிளம்பி அவனிடம் பலியான பன்னிரண்டு வயது கீத் பென்னட்டின் உடல் எங்கே என்பதுதான் கேள்வி. நாய்க்குட்டியை வைத்துக்கொண்டு ஹிண்ட்லி குனிந்து தரையைப் பார்க்கும் புகைப்படம் ஒன்று உண்டு. அவள் காலடியில் இருந்தது, அவர்கள் கொன்ற இன்னொரு சிறுவன் ஜான் கில்பிரைடின் புதைகுழி என்பது பின்னர் தெரிந்தது. அவர்கள் கொன்ற பாலின் ரீடின் உடல் 1987இல்தான் கிடைத்தது. அதே ஆண்டில் பிராடியையும் அந்த மேட்டுநிலத்துக்கு அழைத்துப் போனார்கள். அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டான். மறந்திருப்பான் என்று நான் நம்பவில்லை. எல்லாம் பறிபோன கைதி, தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதைப் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையால் உருவம் செய்து எரித்துக் காரியம் முடிக்கும் வழக்கம் நம்மிடையே சில குடும்பங்களில் உண்டு. கீத்தின் தாய் வின்னி ஜான்சனோ மகனின் எலும்பைத்தான் கேட்டார், கேட்டபடியே 2012இல் இறந்தார்.

காட்பாடி மாணவன்:
ஐயா, இப்படி வாய் திறக்காமல் இருப்பவரைச் சட்டம் ஒன்றும் செய்ய முடியாதா?

சத்துவாச்சாரி வழக்கறிஞர்:
சடலத்தை எங்கே மறைத்தார் என்று சொல்லாத கைதியின் விடுதலையைப் பரிசீலிக்கும்போது, பரோல் வாரியம் அந்த மௌனத்தையும் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும் என்று பிரிட்டன் 2020இல் சட்டம் இயற்றியது. ஹெலன் சட்டம் என்பார்கள். விடுதலையை அது அடியோடு தடுத்துவிடாது. சாகும்வரை சிறை என்று ஆனபின் வெளியே வர விரும்பாத பிராடி போன்றவனிடம் அதுவும் செல்லுபடியாகியிருக்காது.