கலிஃபோர்னியாவில் சைட்டேஷன் கொடுத்து விடுவிக்கப்பட்ட தம்பிக்காக உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில் படிக்கும் என் தம்பியை ஒரு சிறு குற்றச்சாட்டின் பேரில் கைது செய்த போலீசார், காவலில் வைக்காமல், நீதிமன்றத்துக்கு வரவேண்டிய தேதியும் நேரமும் எழுதிய சைட்டேஷன் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அன்றே விட்டுவிட்டார்கள். அம்மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 853.6-ஆம் பிரிவு இதற்கு வழிசெய்கிறது என்பதும், அக்கையெழுத்து ஆஜராவதற்கான உறுதிமொழியே தவிர குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது என்பதும், வேண்டுமென்றே வராமலிருந்தால் அதுவே தனிக் குற்றமாகிப் பிடியாணை பிறக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். அவனோ, வீட்டுக்கு அனுப்பிவிட்டதாலேயே வழக்கு முடிந்துவிட்டதென்று நம்புகிறான். அந்த நம்பிக்கைதான் எனக்கு மிகுந்த அச்சத்தைத் தருகிறது. மாணவர் விசாவில் இருப்பவன் என்பதால், முதல் விசாரணைக்கு முன்பே குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞரையும் பார்த்துவிட வேண்டுமா, அவன் சார்பில் வழக்கறிஞர் மட்டும் முன்னிலையானால் போதுமா என்பதை, இந்நிலையைக் கடந்து வந்தவர்கள் தயவுசெய்து தெரிவிக்க வேண்டுகிறேன்.