டெல்டாவில் நிலம் தாழ்கிறதா? ராடார் படம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பூம்புகார் முதல் வேதாரண்யம் வரை கடலோர நிலம் தாழ்கிறதா என்று அளந்து பார்க்க மாணவர்கள் சிலரோடு இறங்கியிருக்கிறேன். நிலத்தடி நீரை இறைக்க இறைக்கக் களிமண் இறுகும். 1934இல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து வண்டலும் குறைவு. கடல் பக்கத்திலேயே இருக்கும்போது சில சென்டிமீட்டர்கூட எங்களுக்குப் பெரிய விஷயம்.

எரிமலையை ஆராய்பவர்கள் தரையின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் முறையைத்தான் எடுத்திருக்கிறோம். எரிமலைக்கு அடியில் அழுத்தம் கூடினால் தரை உப்பும். இத்தாலியில் எரிமலைப் பகுதியில் இருக்கும் பொசுவோலி ஊரில் 1982–84இல் ஏறத்தாழ 1.8 மீட்டர் உயர்ந்தது. இன்று சென்டினல்-1 செயற்கைக்கோளின் இரண்டு ராடார் படங்களை ஒப்பிட்டால், தரை அசைந்தது வண்ணப் பட்டைகளாகத் தெரியும்; நிறங்கள் மாறி மீண்டும் அதே நிறம் வரும் ஒரு சுற்றுக்கு, செயற்கைக்கோளை நோக்கிய திசையில் 2.8 செ.மீ. அசைவு. படங்கள் இலவசம்.

ஆனால் எரிமலைப் பாறை அப்படியே கிடக்கும். நம் வயல் நடவு, களை, அறுப்பு என்று மாறிக்கொண்டே இருக்கிறது. இரண்டு படங்களும் பொருந்துவதே இல்லை. வீடு, கோபுரம், பாலத்தை மட்டும் புள்ளிகளாக எடுக்கலாம்தான். அப்புறம் ஒரு சந்தேகம்: ஆழ அஸ்திவாரம் போட்ட பாலம் நிற்கும், சுற்றியுள்ள மண் அமுங்கும். அதை எப்படிப் பிரிப்பது?

நெல் வயலில் இதைச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? 2025 ஜூலையில் ஏவிய நைசார் (நாசா–இஸ்ரோ ராடார் செயற்கைக்கோள்) பயன்படுத்தும் எல்-பேண்ட் ராடார் அலை, சென்டினலின் அலையைவிட நீளமானது, பயிரை ஊடுருவும். அதன் படங்களைக் கையாண்டவர்கள் அவசியம் சொல்லுங்கள். சர்வேயர்களே, பழைய பெஞ்ச்மார்க் கல் (உயரம் அளந்து குறித்து வைத்த கல்) எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

விவசாயிகளிடமும் ஒரு கேள்வி. சுற்றியுள்ள மண் அமுங்கினால், ஆழத்தில் ஊன்றிய பைப் வெளியே நீட்டிக்கொண்டு தெரியும். உங்கள் ஆழ்துளைக் கிணற்றுப் பைப், வருடா வருடம் தரைக்கு மேலே நீண்டுகொண்டு வருகிறதா? ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, ஊர்ப் பெயரோடு போடுங்கள்.