துணியைத் திருப்பிப் பார்த்த ஆயா

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 7 வருஷம் ஓவர்லாக் தையல் மிஷின் அடித்தேன். எனக்குத் தோள் மூட்டுகிற வேலை மட்டும்தான். முன்துண்டும் பின்துண்டும் கட்டுக் கட்டாக வரும். தோளை அடித்துத் தள்ளினால் அடுத்த மிஷினில் கழுத்துப்பட்டி, அதற்கடுத்ததில் கை. ஒன்றரை ஷிப்ட் முடிந்து எழுந்தால் முதுகு வலிக்கும். அன்றைக்கு என்ன செய்தாய் என்று கேட்டால் காட்ட ஒரு சட்டைகூட இருக்காது. அந்த வேலையை நான் குறை சொல்லவில்லை, என் தங்கை கல்யாணம் அந்தச் சம்பளத்தில்தான் நடந்தது.

ஒருமுறை ஊருக்கு வந்தபோது அரூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் எங்கள் கம்பெனி டீ-சர்ட் போட்டிருந்தான். பஸ் வரும்வரை அவன் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அடித்ததா, பக்கத்து மிஷின் அக்கா அடித்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்புறம் அம்மாவுக்கு முடியாமல் போய் ஊரோடு வந்துவிட்டேன். என்னோடு ஒரே லைனில் இருந்த லம்பாடிப் பெண் ஒருத்தி எனக்கு முன்பே சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே உள்ள சிட்லிங்கிப் பக்கம் தன் தாண்டாவுக்கு, அதாவது லம்பாடிகள் குடியிருக்கும் ஊருக்கு, திரும்பியிருந்தாள். அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகப் பஸ், பாதி தூரம் காடு. டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993இல் அங்கே ஒரு ஆஸ்பத்திரி தொடங்கியதை இந்தப் பக்கம் எல்லோரும் அறிவார்கள். மறந்துபோக இருந்த லம்பாடிக் கைத்தையல் பூவேலையை மறுபடி கையில் எடுக்கச் சொல்லி அந்தப் பெண்களுக்குத் துணையாக நின்றவரும் லலிதா டாக்டர்தான். அப்படி உருவான சங்கத்துக்குப் ‘போர்கை’ என்று பெயர். அவர்கள் பாஷையில் பெருமை என்று அர்த்தம். என் தோழி அதற்குத் தைத்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவளுடைய ஆயா, அதாவது பாட்டி.

துணியில் பென்சில் கோடு எதுவும் கிடையாது. இழையை எண்ணித்தான் ஊசி போட வேண்டும்: மூன்று விட்டு ஒன்று, அடுத்த வரிசையில் ஒன்று தள்ளி. எனக்கோ மிஷின் வேகம் கையிலேயே ஊறியிருந்தது. முதல் நாள் மளமளவென்று ஒரு சாண் தைத்து நீட்டினேன். ஆயா மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. துணியைத் திருப்பினார். பின்பக்கம் முழுக்க முடிச்சு, குறுக்கே தாவிய நூல், தொங்கல்.

“அவசரம் தெரியுது கண்ணு” என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தேன்.

பிறகு டிரங்குப் பெட்டியிலிருந்து தன் பழைய பாவாடையை எடுத்து வந்தார். தூக்கினால் கை வலிக்கும் அத்தனை கனம். சோழிகள், ஓரம் கறுத்த கண்ணாடிகள். ஒரு பட்டையில் விரலை வைத்து, “இது வரைக்கும் எங்கம்மா கை. இங்கிருந்து என் கை” என்றார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. ஒரு மாசம் போன பிறகுதான் பிடிபட்டது. அவர் அம்மா நூலைக் கொஞ்சம் இறுக்கி இழுப்பவர், அந்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கியிருக்கும். ஆயாவின் தையல் தளர்வாகப் படுத்திருக்கும். அந்த அம்மா போய் எத்தனையோ வருஷம் ஆகிறது, கை மட்டும் துணியில் அப்படியே இருக்கிறது. அன்றைக்கு அரூர் பஸ் ஸ்டாண்டுப் பையன் ஞாபகம் வந்து அழுதுவிட்டேன்.

கண்ணாடி வைப்பதுதான் எனக்கு ரொம்ப நாள் வரவில்லை. கண்ணாடியில் துளை கிடையாது. முதலில் அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக நாலு நூல் போட்டுக் கட்டம் மாதிரி பிடிக்க வேண்டும். பிறகு அந்த நூல்களையே வெளிப்பக்கம் இழுத்து இழுத்துச் சுற்றிலும் வளையமாகத் தைக்க வேண்டும். நூல் தளர்ந்தால் கண்ணாடி நழுவும், இறுக்கினால் துணி சுருங்கும். கடையில் பிளாஸ்டிக் வட்டத்தை ஒட்டி ‘லம்பாடி ஒர்க்’ என்று விற்பதைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இது அவர்கள் சொத்து, அதனால் நான் இதை விற்பதில்லை. பிழைப்புக்கு ஜாக்கெட் தைக்கிறேன், பூவேலை எனக்காகவும் வீட்டுக்காகவும் மட்டும்.

போன மாசம் அம்மாவுக்காகத் தைக்கும் பையின் துண்டோடு தாண்டாவுக்குப் போயிருந்தேன். திண்ணையில் நாலைந்து பேர் தைத்த துண்டுகளோடு அதுவும் கலந்து கிடந்தது. ஆயாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கம் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தார். மூன்றாவதை என் மடியில் போட்டார்.

“இது உன் கை.”

என்னுடையதேதான். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

“எங்கம்மா மாதிரி இறுக்கற” என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்தார்.