தேனீ வளர்ப்புத் தளத்தில் அஃபிலியேட் இணைப்புகள்: சொடுக்குகிறார்கள், வாங்குவதில்லை

குலசேகரம் தேன்கூடு:
அனைவருக்கும் வணக்கம். ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி வைத்துப் பராமரிப்பது குறித்துத் தமிழில் ஓர் இணையதளம் நடத்தி வருகிறேன். என் இணைப்பின் வழியே ஒருவர் பொருள் வாங்கினால் எனக்குக் கமிஷன் தரும் அமேசான் அசோசியேட்ஸ் என்ற அஃபிலியேட் திட்டத்தில் சேர்ந்து, ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் பெட்டி, புகைப்பான், முகவலை, தேன் எடுக்கும் கருவி ஆகியவற்றுக்கான இணைப்புகளை வைத்திருக்கிறேன். சொடுக்குபவர்கள் இருக்கிறார்கள்; வாங்குபவர்கள் மிகக் குறைவு. இணைப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதா, கூடுதல் கமிஷன் தரும் வேறு திட்டத்துக்கு மாறுவதா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தக்கலை அண்ணாச்சி:
தம்பி, உங்கள் தளத்தைப் பொறுமையாகப் படித்தேன். கட்டுரைகளில் குறையில்லை, ஆனால் எல்லாவற்றின் அடியிலும் அதே நான்கு இணைப்புகள்தாம் நிற்கின்றன. ராணித் தேனீயை எப்படி அடையாளம் காண்பது என்று படிக்க வந்தவருக்கு அந்த நேரத்தில் பெட்டி வாங்கும் எண்ணமே இருக்காது. உங்கள் இணைப்பின் வழியே போனவர் 24 மணி நேரத்துக்குள் வாங்கவோ, வாங்குவதற்காகக் கூடையில் சேர்க்கவோ செய்தால்தான் கமிஷன் உங்கள் கணக்கில் சேரும். அடுத்த மாதம் அவர் தாமாகத் தேடி வாங்கினால் உங்களுக்கு ஒன்றும் வராது. ஆகவே, வாங்குவதென்று முடிவெடுத்துவிட்டு, எதை வாங்குவது என்று தெரியாமல் தயங்குகிறவருக்குப் பதில் சொல்லும் கட்டுரைதான் உங்களுக்குத் தேவை.

உங்கள் துறையில் அப்படிப்பட்ட தயக்கங்கள் நிறைய உண்டு. நம் ஊர் இந்தியத் தேனீக்கு நியூட்டன் பெட்டியோ மார்த்தாண்டம் பெட்டியோ போதும். இத்தாலியத் தேனீக்கான லாங்ஸ்ட்ராத் பெட்டி அளவில் பெரியது. விற்பனைப் பக்கத்தில் 'தேன்பெட்டி' என்று மட்டும் போட்டிருந்தால், புதிதாகத் தொடங்குபவர் எந்தத் தேனீக்கு உரியது என்று அறியாமலேயே வாங்கிவிடுவார். பெட்டிக்குள் தேனடை கட்டப்படும் மரச்சட்டத்தின் அளவு மாறினால் தேன் எடுக்கும் கருவியின் கூண்டில் அது சரியாக நிற்காது. சட்டத்தின் மேல் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, எந்தச் சட்டம் எந்தக் கருவியில் பொருந்துகிறது என்று காட்டி, பொருந்தாததை வாங்க வேண்டாம் என்றும் வெளிப்படையாக எழுதுங்கள். அந்த ஒரு கட்டுரைக்குள், உரிய இடத்தில், ஓரிரு இணைப்புகள் இருந்தால் போதும். கடைப்பக்கத்து விவரத்தை அப்படியே பெயர்த்து வைக்கும் அஃபிலியேட் பக்கங்களைக் கூகுள் மதிப்பதில்லை. உங்கள் கையால் எடுத்த படமும் அளவும் வேறெங்கும் கிடைக்காதவை.

காலத்தையும் கவனியுங்கள். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்விடும்போது இலைக்காம்பின் நுனியில் சுரக்கும் இனிப்பைத்தான் நம் பக்கத்துத் தேனீக்கள் பெருமளவில் சேர்க்கின்றன. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் பெரிய அறுவடை. தேன் எடுக்கும் கருவியைத் தேடுபவர் அதற்குச் சற்று முன்னரே தேடுவார். தேடலில் ஒரு புதுக் கட்டுரை மேலே வரக் காலம் பிடிக்கும் என்பதால், ஐப்பசி மழைக்குள் அதை வெளியிட்டுவிடுவது நல்லது.

வடசேரி கணக்காளர்:
அண்ணாச்சி சொன்னதோடு சில விதிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கு தொடங்கி 180 நாட்களுக்குள் தகுதியுள்ள 3 விற்பனைகளாவது நடக்காவிட்டால் அமேசான் அந்தக் கணக்கை மூடிவிடும். அதற்காக நீங்களோ வீட்டாரோ உங்கள் இணைப்பின் வழியே வாங்கினால் அது கணக்கில் வராது, விதிமீறலாகவும் கருதப்படும். விலையைக் கட்டுரையில் கையால் எழுதி வைக்கக் கூடாது. மின்னஞ்சலிலோ அச்சிட்ட துண்டறிக்கையிலோ அந்த இணைப்பைத் தரக் கூடாது. வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் வரும் என்பதை வாசகர் கண்ணில் படும்படி தமிழிலேயே எழுதுங்கள். பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டு நெறிகளும் கூறுகின்றன.

வரியைப் பொறுத்தவரை, கமிஷனைத் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரியான டிடிஎஸ் 2024 அக்டோபரில் 5 விழுக்காட்டிலிருந்து 2 ஆகக் குறைந்தது. பான் எண் கொடுக்காவிட்டால் 20 விழுக்காடு பிடிப்பார்கள் என்பதால் அதை முதலிலேயே பதிந்துவிடுங்கள்.

குலசேகரம் தேன்கூடு:
இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு சங்கடம் மட்டும் இருக்கிறது, அண்ணாச்சி. மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பெட்டி செய்யும் தச்சர்களும் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு நம் மாவட்டத்து வாசகரை இணையக் கடைக்கு அனுப்ப மனம் ஒப்பவில்லை.

தக்கலை அண்ணாச்சி:
அனுப்பவே வேண்டாம், தம்பி. பெட்டி மரத்தால் ஆனது, கனமானது. அருகில் இருப்பவர் நேரில் போய் மூலைப்பொருத்தைத் தட்டிப் பார்த்து வாங்குவதுதான் முறை என்று கட்டுரையிலேயே எழுதிவிடுங்கள். இணையத்தில் வாங்கும் தேவை, பக்கத்தில் பெட்டி கிடைக்காத வெளிமாவட்டத்து வாசகருக்குத்தான். முகவலை, கையுறை, புகைப்பான் போன்ற இலகுவான பொருட்களுக்கு அவர்கள் உங்கள் இணைப்பைப் பயன்படுத்துவார்கள்.

பெட்டிக்கு, உங்களுக்கு நம்பிக்கையான தச்சர் ஒருவரிடம் பேசிப் பாருங்கள். உங்கள் தளத்தின் பெயரில் ஒரு குறிச்சொல் வைத்து, அதைச் சொல்லி ஆர்டர் கொடுப்பவருக்குச் சிறு தள்ளுபடியும், உங்களுக்குப் பெட்டிக்கு இவ்வளவு என்று ஒரு தொகையும் பேசிக்கொள்ளலாம். இதுவும் அஃபிலியேட் முறைதான்; ஆதலால் கணக்காளர் சொன்ன அறிவிப்பு இதற்கும் வேண்டும். தொகை, மாதக்கணக்கு முடிக்கும் நாள், பெட்டி உடைந்து போய்ச் சேர்ந்தால் யார் பொறுப்பு என்ற மூன்றையும் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகே குறிச்சொல்லை வெளியிடுங்கள்.