என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்: ‘நிறுவனக் கட்டமைப்பு’ போதுமா? ‘வகுத்தமைப்பு’ என்றொரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஒரு நிறுவனத்தின் கணினி அமைப்புகளில் எது எங்கே, எதோடு சேர்ந்து இருக்க வேண்டும் என்று திட்டமிடும் வேலைதான் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு ‘நிறுவனக் கட்டமைப்பு’ என்றே வைத்துவிடலாம் என்று இந்த இழை முடிவை நெருங்கிவிட்டது. இரண்டு வாரமாகப் படிப்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். பட்டியலில் ஏறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இப்போது எழுதுகிறேன். இந்தச் சொல்லால் ஒரு முழுக் காலைப்பொழுது வீணானதை நேரில் பார்த்தவன் நான்.

கோவைப் பக்கம் ஒரு குடும்பத் தொழில் குழுமம். நூற்பாலை, மருத்துவமனை, ஜவுளிக்கடை மூன்றும் ஒரே குடும்பத்தின் கையில். கணினி வேலைகளை எல்லாம் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளுக்கு, கொண்டுபோக வேண்டும், அதற்கு முன் எதை எங்கே வைப்பது என்று பேச வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். அழைப்புக் கடிதத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தது நான்தான். பொருள் என்ற இடத்தில் ‘நிறுவனக் கட்டமைப்பு குறித்த கலந்தாய்வு’ என்று போட்டிருந்தேன். மனிதவள மேலாளர், யாருக்குக் கீழே யார் என்று பெட்டி பெட்டியாக வரைந்த பெரிய தாளைச் சுருட்டி எடுத்து வந்தார். ஆலையின் பராமரிப்புப் பொறியாளர் கட்டடங்கள், மின்மாற்றிகள், ஜெனரேட்டர்கள் பட்டியலோடு வந்தார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. அந்தச் சொல் தமிழில் அவர்களுக்கு என்ன பொருள் தந்ததோ, அதைக் கொண்டுவந்தார்கள். நாங்கள் பேச வந்தது வேறு என்று விளக்கி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

‘கட்டமைப்பு’ மேல் ஏற்கெனவே சுமை அதிகம். ஸ்ட்ரக்சர் என்றால் கட்டமைப்பு. இன்ஃப்ராஸ்ட்ரக்சர் என்றால் உள்கட்டமைப்பு, அதையும் அவசரத்தில் கட்டமைப்பு என்றே எழுதுகிறோம். ஃபிரேம்வொர்க்குக்குச் ‘சட்டகம்’ இருந்தும் பாதிப் பேர் கட்டமைப்பு என்கிறார்கள். இந்தத் துறையில் பெரிதாகப் புழங்கும் வழிமுறைத் தொகுப்பான டோகாஃப் (தி ஓப்பன் குரூப் ஆர்க்கிடெக்சர் ஃபிரேம்வொர்க்) இருக்கிறதே, 1995இல் முதல் பதிப்பு வந்தது, அதன் பெயரிலேயே ஆர்க்கிடெக்சரும் ஃபிரேம்வொர்க்கும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இப்போதைய பழக்கப்படி மொழிபெயர்த்தால் ‘கட்டமைப்புக் கட்டமைப்பு’ என்று வரும். கிளவுடைச் சேர்த்தால் இன்னும் சிக்கல், ஏனென்றால் அங்கே வாடகைக்குக் கிடைப்பதே உள்கட்டமைப்புதான். ஒரே பத்தியில் மூன்று வெவ்வேறு பொருளில் ஒரே சொல் வந்தால், படிக்கிற மாணவர் எதைப் பிடித்துக்கொள்வார்?

இழையில் ஒருவர் எழுதியிருந்தது:

> ஆர்க்கிடெக்சர் என்பதே கட்டடத்திலிருந்து வந்த உருவகம்தானே. கட்டு என்ற வேர் இருந்தால்தான் பொருந்தும்.

நியாயமான கேள்வி. இந்தத் துறையின் தொடக்கமும் கட்டடத்தில்தான். ஜான் ஜாக்மன் 1987இல் ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னலில் எழுதிய கட்டுரை, வீடு கட்டும்போது உருவாகும் படங்களை வரிசையாக எடுத்துக்கொள்கிறது. வீட்டுக்காரருக்குக் காட்டும் படம் ஒன்று, வடிவமைப்பவர் வேலை செய்யும் படம் ஒன்று, ஒப்பந்தக்காரர் கையில் இருக்கும் படம் ஒன்று. வீடு ஒன்றுதான், ஆனால் பார்க்கிறவருக்கு ஏற்பப் படம் மாறும். தகவல் அமைப்புகளுக்கும் அப்படியே செய்யலாம் என்பது அவர் வாதம். ஒரே தொழில் செய்யும் நிறுவனத்துக்கு இந்த உருவகம் நன்றாகவே பொருந்துகிறது.

பல தொழில் குழுமத்தில் அது இடிக்கிறது. ஜீன் ராஸ், பீட்டர் வைல், டேவிட் ராபர்ட்சன் மூவரும் 2006இல் எழுதிய புத்தகம் நிறுவனங்களை இரண்டு கேள்விகளால் பிரிக்கிறது. பிரிவுகள் எல்லாம் ஒரே முறையில் வேலை செய்ய வேண்டுமா? ஒன்றின் தரவு மற்றொன்றுக்குத் தேவையா? இரண்டுக்கும் பெரும்பாலும் இல்லை என்று பதில் வந்தால், அந்த வகையில் வருபவை பல தொழில் நிறுவனங்கள். அங்கே வடிவமைப்பவரின் முதல் வேலை, எதைப் பொதுவில் வைப்பது, எதைத் தனித்தனியே விடுவது என்று தீர்மானிப்பது. கட்டுவது அப்புறம்தான்.

இதற்கு ஜெனரல் எலெக்ட்ரிக்கை விடப் பெரிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. விமான எஞ்சின், மருத்துவக் கருவி, மின் நிலைய டர்பைன் எல்லாம் ஒரே கூரையின் கீழ். 9,000க்கும் மேற்பட்ட பணிச்சுமைகளை (கணினியில் ஓடும் வேலைகளை) அமேசானின் கிளவுடுக்கு மாற்றுவதாகவும், தரவு மையங்களை 34இலிருந்து 4ஆகக் குறைப்பதாகவும் 2015இல் அறிவித்தார்கள். அந்தப் பணிச்சுமைகளுக்குள் ஒன்றோடொன்று ஒட்டாத 300 ஈஆர்பி அமைப்புகள் (கணக்கு, கொள்முதல், சரக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருள்கள்) இருந்தன. ஒரு வீட்டுக்குள் 300 அடுப்பு! பிறகு 2021இல் குழுமத்தையே மூன்றாகப் பிரிக்கப் போவதாக அறிவித்தார்கள். 2023 ஜனவரியில் மருத்துவப் பிரிவு தனியே போனது, 2024 ஏப்ரலில் மின்சாரப் பிரிவு போனது, விமான எஞ்சின் மிஞ்சியது. சேர்த்து வைக்க ஒரு கணக்கு, பிரித்துக் கொடுக்க இன்னொரு கணக்கு, இரண்டையும் பத்தாண்டுக்குள் போட வேண்டியிருந்தது. இந்த வேலைக்குக் ‘கட்டு’ என்ற வினை போதவில்லை என்பதுதான் என் குறை. கட்டி முடித்த பிறகு பிரிப்பது என்றால் இடிப்பதுதானே?

நம் இழையில் வந்த சொற்களில் என் மனதைத் தொட்டது ‘பெருந்தச்சு’. ஆர்க்கிடெக்ட் என்ற சொல்லின் கிரேக்க மூலமே தலைமைத் தச்சர் என்பதுதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ‘வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன்’ என்ற பெயரைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. கிரேக்கத்துக்கும் தமிழுக்கும் தொடர்பே இல்லாமல் ஒரே சொல் அப்படியே பிறந்திருக்கிறது. ஆனாலும் இந்த இடத்துக்கு அது வேண்டாம் என்றே சொல்வேன். கோயில் ஒரே கட்டடம், ஒரே அரசனின் விருப்பம். குழுமமோ நாலு பேர் நாலு காலத்தில் வாங்கிச் சேர்த்த தொழில்களின் கூட்டம். அது போக, தச்சர் என்பது இன்றும் ஒரு சமூகத்தின் பெயர். பதவிப் பெயராகப் பொதுவில் வைத்தால் வேண்டாத பேச்சுகள் வரும்.

அப்படியானால் என்ன சொல்? நெடுநல்வாடையில் அரண்மனைக்கு அடி போடும் காட்சி வருகிறது. ‘நூலறி புலவர் நுண்ணிதின் கயிறிட்டு’த் திசை பார்த்து, மன்னர்க்கு ஏற்றபடி ‘மனை வகுத்து’ என்று நக்கீரர் சொல்கிறார். அங்கே ஒரு கல் கூட இன்னும் எடுத்து வைக்கவில்லை. கயிறு பிடித்து, இது இங்கே, அது அங்கே என்று தரையில் பிரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நாம் தேடுகிற வேலை அதுதான் என்று எனக்குப் பட்டது. வினை: வகு.

‘வகு’ இன்றும் உயிரோடு புழங்கும் வினை. திட்டம் வகுக்கிறோம், வியூகம் வகுக்கிறோம், கொள்கை வகுப்பாளர் என்று நாளிதழில் தினமும் படிக்கிறோம். தலைவாரும்போது எடுக்கிற வகிடு கூட இந்தச் சொற்குடும்பம்தான். அதனால் என் முன்மொழிவு ‘வகுத்தமைப்பு’. வகுத்து அமைப்பது. நிறுவன வகுத்தமைப்பு, தரவு வகுத்தமைப்பு, மேக வகுத்தமைப்பு, பல தொழில் என்றால் குழும வகுத்தமைப்பு. செய்பவர் ‘வகுநர்’. இயக்குநர், ஓட்டுநர் மாதிரி வாயில் எளிதாக வருகிறது. வினையாகவும் மாறும்: ‘இதை வகுத்தமைத்தது யார்?’

வரக்கூடிய மறுப்புகளில் இரண்டு முக்கியமானவை. முதலாவது, வகுத்தல் என்றால் பள்ளிக் கணக்கில் டிவிஷன். ஆமாம், ஆனால் இங்கே நடப்பதும் ஒருவகைப் பங்கீடுதான். இரண்டாவது கொஞ்சம் ஆழமானது. ‘வகுத்தான் வகுத்த வகையல்லால்’ என்ற குறளால் வகுத்தலுக்கு விதியின் வாடை வந்துவிட்டது, மாற்ற முடியாதது என்ற எண்ணம் தரும் என்று ஓர் அம்மையார் தனிமடலில் கேட்டிருந்தார். யோசிக்க வைத்த கேள்வி. அதே குறளின் அடுத்த சொற்களைப் பாருங்கள் அம்மா: ‘கோடி தொகுத்தார்க்கும்’. வகுப்பதும் தொகுப்பதும் அங்கே எதிரெதிரே நிற்கின்றன. ராஸ் முதலானோர் புத்தகத்தின் அந்த இரண்டு கேள்விகளும் தொகு, வகு என்ற இந்த ஜோடிக்குள் அடங்கிவிடுகின்றன. விதியின் வாடை ‘வகுத்தான்’ என்ற பெயரில்தான் இருக்கிறது, வினையில் இல்லை. திட்டம் வகுக்கிறவர்கள் அதை மாற்றிக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

நீளம் பற்றியும் பேச்சு வரும். எண்ணிப் பார்த்தேன், கட்டமைப்பை விட ஓரெழுத்துதான் கூடுதல்.

அந்தக் குழுமத்தில் மதியத்துக்கு மேல் நடந்ததைச் சொல்கிறேன், சொல் வேலை செய்கிறதா என்று நீங்களே பாருங்கள். பலகையில் கோடு இழுத்து ஒரு பக்கம் ‘பொது’, மறு பக்கம் ‘தனி’ என்று எழுதினேன். ‘இன்றைக்கு நாம் எதையும் கட்டப் போவதில்லை, வகுக்கப் போகிறோம்’ என்றேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நோயாளிகளின் பதிவேடு தனி என்று மருத்துவமனைக்காரர்கள் உடனே சொன்னார்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவர்கள் மனதில் இருந்தது. ஸ்பின்னிங் இயந்திரங்களின் கட்டுப்பாடு ஆலைக்குள்ளேயே இருக்கட்டும், இணைய இணைப்பு அறுந்தால் ஷிஃப்ட் நிற்கக் கூடாது என்றார் காலையில் ஜெனரேட்டர் பட்டியலோடு வந்த பொறியாளர். கடைக்குத் தீபாவளிக்கு முந்தைய பதினைந்து நாள்தான் பாரம். அந்த நாட்களுக்கு மட்டும் கூடுதல் சர்வர் எடுத்துவிட்டு மறுவாரம் விட்டுவிடலாம், கிளவுடின் பயனே அதில்தான் இருக்கிறது.

பொதுப் பக்கம் வெகுநேரம் காலியாகவே கிடந்தது. அப்போது கணக்குப் பிரிவில் பல ஆண்டு இருக்கும் ஓர் அம்மா மூன்று பேரேடுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: ‘சார், டீசல் மூணு இடத்துக்கும் ஒரே ஆள்தான் போடுறார்.’ ஆலைக் கணக்கில் பங்க்கின் பெயர், மருத்துவமனைக் கணக்கில் உரிமையாளரின் பெயர், கடைக் கணக்கில் வெறுமனே ‘டீசல்’. மூன்று விலை. பொதுப் பக்கத்தில் முதலில் ஏறியது ‘சப்ளையர் பட்டியல்’. அடுத்து ஊழியர் உள்நுழைவு, அதற்கடுத்து ஜிஎஸ்டி கணக்கு. மாலைக்குள் பலகை நிறைந்துவிட்டது.

கிளவுடுக்கு மேகமா முகிலா என்ற சண்டையை இந்த இழையில் தொடர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘மேகக் கணிமை’ ஊன்றிவிட்டது, முகில் என்று எழுதுகிற நண்பர்கள் அப்படியே எழுதட்டும், யாருக்கும் புரியாமல் போகாது. பேச்சில் எல்லாரும் கிளவுட் என்றுதான் சொல்கிறோம்.

அதை விட எனக்கு ஆசையாக இருப்பது மல்ட்டி டெனன்ட் என்பதற்கு ஒரு சொல். ‘பல வாடகையாளர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நம்மிடம் ‘குடித்தனம்’ இருக்கிறதே! ஒரே வீடு, பொதுக் கிணறு, பொது வாசல், ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பூட்டு. ஒரே மென்பொருளைப் பல நிறுவனங்கள் பயன்படுத்தி, ஒருவர் தரவை மற்றவர் பார்க்காமல் இருப்பதும் அப்படித்தான். ‘பல்குடித்தன மென்பொருள்’ என்றால் வகுப்பில் பாதி விளக்கம் சொல்லிலேயே முடிந்துவிடுகிறது. ஜவுளிக்கடையின் பில் போடும் மென்பொருளை இப்படி விளக்கியபோது, ‘அப்ப எங்க பூட்டு சாவி யாருகிட்ட இருக்கும்?’ என்று கடை மேலாளர் கேட்டார். அது மிகச் சரியான கேள்வி.

வெள்ளிக்கிழமை இரவுக்குள் பட்டியலைத் திருத்த வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் ஐயா சொல்லியிருக்கிறார். வகுத்தமைப்பு, வகுநர், பல்குடித்தனம் மூன்றையும் பரிசீலனையில் இருப்பவையாகக் குறித்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். ‘வகுநர்’ நெருடுகிறது என்றால் ‘வகுப்பாளர்’ எனக்குச் சம்மதம், கொள்கை வகுப்பாளர் ஏற்கெனவே வழி போட்டு வைத்திருக்கிறார். ‘வகுத்தமைப்பு’ மட்டும் தயவுசெய்து ஒரு வாரம் வாயில் போட்டுப் பாருங்கள். உங்கள் அலுவலகத்தில் யாரிடமாவது சொல்லிப் பார்த்து, அவர் என்ன புரிந்துகொண்டார் என்று இங்கே எழுதுங்கள்.

அன்புடன்,
குழு உறுப்பினர் ஒருவன்